பெயரும் இனமும்: இலங்கையிற் குடியேறிய ஜேர்மன் மொழியினர்

மொழியே இனத்துக்குப் பெயர் தரும் என்பது பலர் கொண்ட கருத்து. ஆயினும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கை முஸ்லிம்கள் தம்மைத் தனியினமாகவே கொள்வர். இக்கருத்துக்கு மற்றொரு தடை, இந்நாட்டிற் குடியேறிய ஜேர்மன் மொழியினரின் வரலாற்றில் உண்டு.

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் கல்லொன்று நாட்டினர். 1803 ஒற்றோபர் 31 இல் அவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்பது அதன் பொருள். நெளுக்குளம் முதலிய வன்னியூர்களில் இவ்வரலாற்றைக் கேட்டு வளரும் மாணவனுக்கு, வன்னியனின் பகைவன் ‘வெள்ளைக்காரன்’ ஒருவனே. பெயரோ வேறு செய்தி சொல்கின்றது. ‘வொன்’ ஜேர்மன் குடிப்பெயர்களின் முன் வருவது. ஒல்லாந்தப் பெயர்களின் முன் வருவது ‘வான்’. போரிட்டது ஆங்கிலேயர் படை, டிறிபேர்க் குடும்பம் எண்ணப்படுவது ஒல்லாந்தப் பறங்கியருள், பெயரோ ஜேர்மன். ஒருவனுக்கே மூன்று அடையாளங்கள் அமைந்தமை எங்ஙனம்?

1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. அதன் படைக்கும் தொழிலுக்கும் ஒல்லாந்தர் மட்டும் போதவில்லை. ஜேர்மன் நாடுகளிலிருந்து பெருந்தொகையினர் சேர்க்கப்பட்டனர். வூட்டம்பேர்க் கோமகன் தன் குடிகளைப் படையாகத் திரட்டிக் கம்பனிக்குக் கூலிக்கு அளித்ததும் உண்டு. அப்படையிற் சில பிரிவுகள் இலங்கையிலும் பணியாற்றின. ஜேர்மன் பேரரசு தோன்றியது 1871 இலேயே. ஆதலின் இங்கு வந்தோர்க்கு ‘ஜேர்மனியர்’ என்பது ஒரு நாட்டின் பெயரன்று, பேச்சின் பெயரே. பேச்சு மறைந்ததும் அப்பெயரும் மறைந்தது.

இவர்தம் வரலாற்றுக்குச் சிறந்த கருவூலம் 1908 இற் கொழும்பில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையாகும். அதில் வெளிவந்த குலவரிசைகளின் சிறப்பு அவற்றின் நேர்மை. முதல்வர் பலரின் பிறப்பிடம் ஜேர்மன் நகரமாயின் அதனை அவை மறையாது கூறுகின்றன. எனினும் இரு குறைகள் உள. கம்பனியின் கொடிக்கீழ் வந்த ஐரோப்பியர் அனைவரின் வழியினரையும் ‘ஒல்லாந்தர்’ என்னும் ஒரு பெயருள் அடக்கியமை முதற்குறை. ஊழியத்தின் பெயர் இனத்தின் பெயராயிற்று. தந்தை வழியையே குலமாகக் கொண்டமை இரண்டாவது. தொடக்கக்காலத் தாயருட் பலர் போர்த்துக்கேயர் வழியினரும் இந்நாட்டுப் பெண்களுமாவர். வீட்டில் வழங்கிய மொழியோ ஒல்லாந்தமுமன்று, ஜேர்மனுமன்று, போர்த்துக்கேயக் கலப்புமொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் இடத்தை ஆங்கிலம் கொண்டது. குழந்தைக்கு முதன்மொழி தந்த தாய்க்குக் குலவரிசையில் உரிய இடம் இல்லை.

ஆகவே ‘ஒல்லாந்தப் பறங்கியர்’ என்னும் பெயர் பொய்யெனல் பொருந்துமோ? பொருந்தாது. ஊழியத்தாலும் திருச்சபையாலும் மணவுறவாலும் ஒரு சமூகம் மெய்யாகவே உருவாயிற்று. அது உருவான கதையைப் பெயர் முழுதும் சொல்லவில்லை என்பதே குற்றம். இனம் என்பது குருதியில் உறைந்து கிடப்பதன்று; பலர் கூடி, பலவற்றை மறந்து, சிலவற்றைப் பேணி ஆக்கிக்கொள்வது.

இவ்வுண்மை வன்னி மக்களுக்கும் அயலானதன்று. 1980களின் பின் ஈழத்தமிழர் பலர் ஜேர்மனியிற் குடியேறினர். 2002 இல் ஹம் நகரிற் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கூடிய கோயில் எழுந்தது. அவர்தம் மக்கள் பள்ளியில் ஜேர்மன் மொழியிற் பயில்கின்றனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த படைவீரனின் பேரர் ஜேர்மன் மறந்தனர். இன்று அங்குச் சென்றோரின் பேரர் ஜேர்மன் பேசுவர். முன்னவரிடம் எஞ்சியது தந்தையின் பெயர் மட்டுமே. பின்னவரிடம் எஞ்சப்போவது எது என்பதை விடுமொழி முடிவு செய்யாது. வீட்டுமொழியே முடிவு செய்யும். அவ்வீட்டு மொழியைக் காப்பவர் தாயர். அவர்தம் பெயரை விடுத்து எழுதப்படும் குலவரலாறு, எத்துணை நேர்மையுடையதாயினும், பாதி வரலாறேயாம்.