ரோஜாவும் புல்புலும்: விளக்கத்தில் மறையும் ஓவியம்

தோட்ட மலர்களினிடையே பாடும் பறவையைத் தீட்டும் ஈரானிய மரபான ‘குல் ஒ புல்புல்’ ஓவியங்களைச் சூஃபி ஞானத்தின் குறியீடாகவே விளக்குவது கலை நூல்களிலும் கண்காட்சிக் குறிப்புகளிலும் வழக்கமாகிவிட்டது. ரோஜா இறையழகு, அதற்காக ஏங்கும் புல்புல், அதாவது பாரசீகர் அப்பெயரால் அழைக்கும் நைட்டிங்கேல், மனித ஆன்மா என்பது அவ்விளக்கம். பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கஸல் கவிதைகளில் ஊறிய ஈரானின் ஷிராஸ் நகரத்தார் ரோஜாவைக் கண்டதும் காதலை நினைத்திருப்பர் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடக்கூடிய விளக்கம் திறனாய்வு ஆகாது. 17ஆம் நூற்றாண்டில் ஓவியர் ரிஸா அப்பாஸியின் மகன் ஷஃபீ அப்பாஸி ஐரோப்பியச் செதுக்கோவியங்களையும் பார்த்துப் பயின்று வரைந்த மலர்க்கிளைக்கும், 19ஆம் நூற்றாண்டில் ஷிராஸின் லுத்ஃப் அலீ தீட்டிய மலர்களுக்கும், காகிதக்கூழில் செய்து வார்னிஷ் பூசிய ‘கலம்தான்’ எனும் எழுதுகோல் பெட்டிகளின் நெருக்கமான தோட்டங்களுக்கும் அதே வாக்கியம் ஒட்டப்படுகிறது. உண்மையான நைட்டிங்கேல் பழுப்பு முதுகும் செம்பழுப்பு வாலும் கொண்ட, கண்ணைக் கவராத சிறு பறவை. பெட்டிகளின் மேல் அமர்ந்திருப்பவற்றுள் பல, எந்த இனமென்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி மஞ்சளும் சிவப்பும் ஏறியவை. அவை எப்போதும் ரோஜாவையே நோக்குவதுமில்லை. சில தலையைத் திருப்பிக்கொள்கின்றன, சில அருகில் பறக்கும் வண்ணத்துப்பூச்சியின் பக்கம் சாய்கின்றன. ரோஜாவுக்குப் பக்கத்திலேயே நார்சிசஸும் ஐரிஸும் பூத்திருக்க, அம்மலர்களுக்கு விளக்கத்தில் வேலையே இல்லாமற் போகிறது; குறியீட்டுக்கு உதவாத எதையும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடுவது இவ்விளக்கக்காரர்களுக்குக் கைவந்த கலை.

ஞான மரபையே சான்றாகக் கொண்டாலும் இவ்வாதம் நிற்பதில்லை. சூஃபிக் கவிஞர் அத்தாரின் ‘பறவைகளின் மாநாடு’ என்னும் காவியத்தில், ரோஜாவின் மீதுள்ள காதலைக் காரணம் காட்டியே புல்புல் இறைத்தேடலின் பயணத்துக்கு வர மறுக்கிறது. சில நாளில் உதிரும் மலரை நம்பியதற்காக, வழிகாட்டியான கொண்டலாத்தி அதைக் கடிந்துகொள்கிறது. அங்கே ரோஜா இறைவனாக இல்லை, இறைவனை மறைக்கும் பற்றாகவே நிற்கிறது. இவ்விரண்டில் ஓவியர் எதைக் கருதினார், அல்லது இரண்டையுமே கருதாமல் பெட்டி வாங்குவோரின் கண்ணுக்கு விருந்து வைத்தாரா என்பதை அறிய, மொட்டும் முழுமலரும் இதழுதிரும் மலரும் ஒரே கொம்பில் எப்படி வைக்கப்பட்டுள்ளன, பறவை அவற்றுள் எதன் அருகில் அமர்ந்துள்ளது என்று பார்த்தாக வேண்டும். ஆன்மாவின் ஏக்கத்தைப் பத்தி பத்தியாக எழுதுவோர் அந்த இதழுதிர்ந்த மலரைக் குறிப்பிடுவதுகூட இல்லை.