ஆர்க் ஃபால்ட்: அணைத்துவிட்டால் தீருமா?

மாடியில் சோலார் போட்ட வீடுகளில் ஒரு வழக்கம் வேர் பிடித்துவருகிறது. நல்ல வெயில் நேரத்தில் இன்வர்ட்டர் நின்றுவிடும். திரையில் 'ஆர்க் ஃபால்ட்' என்று வரும். வீட்டுக்காரர் ஆஃப் செய்து ஆன் செய்வார், ஓடும். இரண்டொரு நாளில் மறுபடி நிற்கும். சோலார் போட்டுக்கொடுத்தவருக்குப் போன் செய்தால், "அது சும்மா அடிக்கிற அலாரம்தான் அண்ணாச்சி, செட்டிங்கை ஆஃப் பண்ணி விட்ருதேன்" என்று பதில் வரும். பல மாடல்களில் அதற்கு ஆள் வரக்கூட வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே செல்போனில் முடித்துவிடலாம். அதன்பின் இன்வர்ட்டர் நிற்பதில்லை. மாடியில் என்ன நடக்கிறது என்று யாரும் ஏறிப் பார்ப்பதுமில்லை.

இந்த வழக்கத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 3 கிலோவாட் அமைப்பு விருதுநகர் மாவட்டத்து வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். காலையிலேயே நின்றுபோனால் அன்றைய யூனிட் அவ்வளவும் போயிற்று. நம் மாநிலத்தில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. செயலியைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாத வீட்டில், இன்வர்ட்டர் நின்று கிடந்த சேதி பில் வரும்போதுதான் தெரியும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்றாலும், மீதியைக் கடன் வாங்கிப் போட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அடிக்கடி நிற்கும் இன்வர்ட்டர் நேரடி நட்டம். போட்டுக்கொடுத்தவருக்கோ ஒவ்வொரு முறையும் இரண்டு ஆளை ஏணியோடு அனுப்புவது கைக்காசு. இருவரின் அவசரமும் சேர்ந்து அந்த ஒற்றைச் செட்டிங்கில் போய் முடிகிறது.

ஆனால் அந்தச் செட்டிங் எதற்காக இருக்கிறது? வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொட்டு மீள்கிறது. அதனால் ஏசியில் எழும் பொறி தானாக அறுந்துபோக வாய்ப்புண்டு. பேனலிலிருந்து வரும் டிசி அப்படியல்ல. தளர்ந்துபோன ஓர் இணைப்பில் நூலிழை இடைவெளி விழுந்தால் மின்சாரம் அதைத் தாண்டி எரிந்துகொண்டே இருக்கும். பொறிக்கு இருபுறமும் 25 வோல்ட், ஓடுவது 12 ஆம்பியர் என்று வையுங்கள். கடுகளவு இடத்தில் 300 வாட் சூடு. பிளாஸ்டிக் கனெக்டர் உருகி, சொட்டி, கீழே விழுந்து எரிய அது போதும். ஃபியூஸ் இதிலிருந்து காப்பாற்றாது. இத்தகைய தொடர் ஆர்க்கில் மின்னோட்டம் கூடுவதில்லை, சற்றே குறைகிறது. கூடாத ஓட்டத்துக்கு ஃபியூஸ் எப்படிப் போகும்? இந்த ஓட்டையை அடைக்கத்தான் அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பு 2011இல், கட்டடங்கள் மேல் 80 வோல்ட்டுக்கு மேற்பட்ட சோலார் அமைப்புகளுக்கு ஆர்க் கண்டறியும் கருவியைக் கட்டாயமாக்கியது. அதற்கான யுஎல் 1699பி தரநிலை கேட்பது இரண்டரை வினாடிக்குள், 750 ஜூல் வெளிப்படுவதற்குள் துண்டிக்க வேண்டும் என்பது. நாம் மேலே போட்ட 300 வாட் கணக்கில் இரண்டரை வினாடி என்றால் சரியாக அந்த 750 ஜூல். உலகளாவிய ஐஇசி 63027 தரநிலை 2023இல்தான் வந்தது.

கருவியின் குறை அது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. அது பொறியைப் பார்ப்பதில்லை. டிசி கம்பியில் ஓடும் மின்சாரத்தின் மேல் ஏறிவரும் உயர் அதிர்வெண் இரைச்சலைக் கேட்டு, இது ஆர்க்கின் குரல்தான் என்று ஊகிக்கிறது. இன்வர்ட்டரே நொடிக்குப் பல்லாயிரம் முறை ஸ்விட்ச் போட்டு நிறுத்தும் எந்திரம். அதன் இரைச்சலும் அதே பட்டையில் விழுகிறது. மாடியிலிருந்து மீட்டர் பெட்டிவரை சுவரோரமாக இறங்கும் நீண்ட கேபிள் ஆன்டெனா போல அக்கம்பக்கத்து இரைச்சலை இழுக்கும். விஸ்வநத்தமும் அதை ஒட்டிய சிவகாசியும் வீடும் தொழிலும் பிரியாமல் கிடக்கும் இடங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடு ஓடும் அச்சு எந்திரம் ஒரு சுவர் தள்ளி இருந்தால் கேபிளில் இரைச்சல் ஏறக்கூடும். இரண்டு வரிசைப் பேனல்களின் கேபிள்களை ஒரே குழாயில் திணித்துவிட்டால் ஒன்றின் இரைச்சல் மற்றதில் கேட்கும். எனவே பொய் அலாரம் என்ற ஒன்று உண்மையிலேயே உண்டு. அதை மறுத்துவிட்டு டெக்னீஷியனைக் குறை சொல்வது நேர்மையாகாது.

பொய் அலாரத்தை வரவழைக்கும் இதே நீண்ட கேபிள், தூரத்தில் எழும் உண்மையான ஆர்க்கின் ஓசையை வழியிலேயே மங்கவைக்கவும் செய்யும் என்பது பலரும் கவனிக்காத விஷயம். ஆக, கூர்மையைக் குறைத்து வைத்துச் சமாளிக்கலாம் என்ற நடுவழியும் பாதுகாப்பானதல்ல. ஏற்கெனவே அரைகுறையாகக் கேட்கும் காதை இன்னும் அடைப்பதுதான் அது.

என் வாதம் இவ்வளவே: ஓர் அலாரம் பொய் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, மாடியேறி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து முடித்தவருக்கே உண்டு. இன்றைய வழக்கம் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு விசாரணையைக் கைவிடுகிறது.

விசாரணை என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் இன்வர்ட்டரின் பதிவேட்டைப் படிக்க வேண்டும். விடியற்காலையில், பனி ஈரத்தில், மழைக்கு மறுநாள் நின்றிருந்தால் பெரும்பாலும் அது ஆர்க்கே அல்ல. கேபிளின் காப்புக் குறைவு. அதற்கான குறியீடு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஆர்க் செட்டிங்கை அணைத்துவைப்பது நோய் ஒன்று மருந்து ஒன்று. உச்சிவெயிலில், ஓட்டம் அதிகமாக இருக்கும்போது மட்டும் நின்றால் தளர்ந்த இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆடிக்காற்று வீசும் நாட்களில் நின்றால் சட்டத்தில் கட்டாமல் தொங்கவிட்ட கேபிளைத் தேட வேண்டும். தினமும் இன்வர்ட்டர் விழித்தெழும் அதே சமயத்தில் மட்டும் நின்றால், அப்போதுதான் இரைச்சலையும் மென்பொருளையும் பற்றிப் பேசலாம். தயாரிப்பாளர் புதிய மென்பொருள் வெளியிட்டிருந்தால் அதை ஏற்றிப் பார்ப்பதும் முறையான வழியே.

அடுத்து, இரண்டு வரிசை உள்ள வீடுகளில் அவற்றை இன்வர்ட்டரின் உள்ளீடுகளில் இடம் மாற்றிப் பொருத்தலாம். கோளாறு வரிசையோடு கூடவே போனால் குற்றம் மாடியில். உள்ளீட்டிலேயே தங்கினால் இன்வர்ட்டரில். எளிமையான, நம்பகமான சோதனை இது. ஆனால் ஆறு பேனல் வைத்த 3 கிலோவாட் வீட்டில் பெரும்பாலும் ஒரே வரிசைதான் இருக்கும், அங்கே இது செல்லாது. அங்கே கண்ணும் கையும்தான். வெயில் ஏறிய நேரத்தில் வெப்பக் கேமராவால் பார்த்தால் சூடான கனெக்டர் தனியே தெரியும். கழற்றிப் பார்ப்பதானால் முதலில் இன்வர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசோலேட்டரை அணைத்து, கிளாம்ப் மீட்டரில் ஓட்டம் இல்லை என்று உறுதி செய்த பிறகே. ஓட்டம் இருக்கும்போது கனெக்டரைப் பிரிப்பதே கையில் ஆர்க்கை வாங்கிக்கொள்வதுதான். ஆகவே இது வீட்டுக்காரர் தாமே செய்யும் வேலையும் அல்ல.

கழற்றினால் என்ன கிடைக்கும்? எம்சி4 கனெக்டரின் உலோக முனையைக் கிரிம்ப் செய்ய அதற்கென்றே கருவி உண்டு. அது இல்லாமல் கட்டிங் பிளையரால் நசுக்கிய முனையில் நான்கைந்து இழைகள் மட்டுமே பிடித்திருக்கும். 'டிக்' என்று பூட்டாத கனெக்டர் இருக்கும். அணில் கடித்த கேபிள் இருக்கும். பேனலோடு வந்த கனெக்டர் ஒரு நிறுவனம், கடையில் வாங்கியது வேறு நிறுவனம். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறது என்பதற்காகச் சேர்த்துவிட்டிருப்பார்கள். சேரும் இரண்டு முனைகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று ஐஇசி 62548 வலியுறுத்துவது காரணமில்லாமல் அல்ல. பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் பொருத்தமற்ற உலோகம் ஓரிரு வருடத்தில் தளர்கிறது. போட்ட புதிதில் ஒழுங்காக ஓடியது என்பது இங்கே சான்றாகாது.

ஒரு கருவியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2009 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் டார்கெட் கடையின் கூரை சோலார் தீப்பிடித்தது. அங்கே நிலக்கசிவு காக்கும் கருவி இருந்தது. சிறிய கசிவு அதன் கண்ணில் படாமலே கிடந்து, இன்னொரு கசிவோடு சேர்ந்து தீயானது. 2019இல் வால்மார்ட் தன் ஏழு கடைகளின் கூரையில் நேர்ந்த தீ விபத்துகளுக்காக டெஸ்லா மீது வழக்குப் போட்டபோது, வைத்த முக்கியக் குற்றச்சாட்டு தளர்ந்த இணைப்புகளும் அலட்சியமான பராமரிப்பும். அந்த ஆண்டே இருதரப்பும் சமரசமானார்கள். கருவி தேவையில்லை என்று இவை சொல்லவில்லை; கருவி இருந்தாலும் கனெக்டரைத் திறந்து பார்க்கும் வேலை தீராது.

விஸ்வநத்தத்துக்கு இது வேறிடத்துச் சங்கதி அல்ல. இப்பகுதியில் வெடிக்குழாய்க்குக் காகிதம் சுருட்டுவதும் தீப்பெட்டி ஒட்டுவதும் வீட்டுவேலையாகவே நடந்துவந்தவை. பேனலுக்கு அடியில் நிழலாக இருக்கிறதே என்று அட்டையையும் காகிதத்தையும் அடுக்கிவைக்கும் மாடியில், உருகிச் சொட்டும் ஒரு கனெக்டர் போதும். பட்டாசு ஆலைக்கு 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உண்டு. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று வரம்பு உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் பலர் மாண்டபோது பெரிதாகப் பேசப்பட்டது அத்தகைய விதிகள் மீறப்பட்டதுதான். காகிதம் அடுக்கிய வீட்டு மாடிக்கு அப்படி வந்து பார்க்கும் அதிகாரி இல்லை. அங்கே இருக்கும் ஒரே காவல் இன்வர்ட்டருக்குள் இருக்கும் அந்தக் கருவி.

எல்லாச் சோதனையும் முடிந்து, இணைப்புகள் அனைத்தும் ஒழுங்கு என்று தெரிந்த பிறகும் அலாரம் அடித்தால், தற்காலிகமாக அணைப்பதை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் யார், எந்தத் தேதியில், எதைச் சோதித்துவிட்டு அணைத்தார் என்று எழுத்தில் வீட்டுக்காரரிடம் தர வேண்டும். கேபிள் பாதையை மாற்றியோ இன்வர்ட்டரை மாற்றியோ மறுபடி ஆன் செய்யும் நாளையும் அதில் குறிக்க வேண்டும். மாடியில் காகிதம், அட்டை வைக்கும் வீடுகளுக்கு இந்தச் சலுகையும் கூடாது. மானியத் திட்டத்தில் சோலார் போட்டவர்களுக்கு, நிறுவியவர் 5 ஆண்டு பராமரிப்புத் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே ஆளை வரச்சொல்வது தயவு கேட்பது ஆகாது. செட்டிங்கை ஆஃப் செய்கிறேன் என்று போனில் சொன்னால், ஏணியும் கிரிம்பிங் கருவியும் கிளாம்ப் மீட்டரும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லலாம்.