சும்மா போட்ட தையல்

எங்கள் தெருவில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எதிர்வீட்டு அக்கா வாசற்படியில் வந்து உட்கார்வார். மடியில் யாருடைய கல்யாணத்துக்கோ போகவிருக்கும் பட்டுச்சேலை. முந்தானை ஓரத்தில் நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சிட்டு, குச்சு கட்டிக்கொண்டே போவார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. மாலை ரயிலில் ஆவடியிலிருந்து வருகிறவர் வாங்கிக்கொண்டு போவதற்குள் முடித்தாக வேண்டும். "என்னக்கா பண்றீங்க?" என்று கேட்டால் தலை நிமிராமல் சொல்வார்: "சும்மாதான் உக்காந்திருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தைக்கிறேன். அம்மாவின் பழைய நூல்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓடுதையல் போட்டுப் போர்வை ஆக்குகிறேன். ஒரு போர்வைக்கு ஒரு வருடம்கூட ஆகும். பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவுக்குக் குடுப்பீங்க?" "விக்கிறதுக்கில்லை, சும்மா தைக்கிறேன்" என்றால் நம்புவதில்லை. "இவ்வளவு திறமையை வச்சுக்கிட்டு வீணாக்குறீங்களே டீச்சர்" என்பார்கள். என் கவிதைக்கு இதுவரை யாரும் விலை கேட்டதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரே தெருவில் இரண்டு 'சும்மா'. கூலிக்கு உழைக்கிற பெண், தான் சும்மா இருப்பதாகச் சொல்கிறார். உண்மையிலேயே சும்மா தைக்கிற பெண்ணோ அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்ணின் கைவேலையைப் 'பொழுதுபோக்கு' என்று நாம் அழைக்கும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம்?

முதல் 'சும்மா'வைத் தோலுரித்த நூல் ஒன்று உண்டு. ஜெர்மானியப் பெண்ணியச் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆந்திராவின் நர்சாபூர் பகுதியில் லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட 'நர்சாபூரின் லேஸ் பின்னும் பெண்கள்'. கோதாவரிக் கழிமுகக் கிராமங்களில் குரோஷா ஊசியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் பின்னியது வெளிநாட்டு மேசைகளுக்கு. ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி துண்டுகளை இணைப்பாள். முழு விரிப்பையும் அதன் விலையையும் அறிந்தவர்கள் தரகர்களும் ஏற்றுமதியாளர்களுமான ஆண்கள். விவசாயக் கூலிப் பெண்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைவிட இவர்கள் கைக்கு வந்தது மிகக் குறைவு. எப்படிக் கட்டுப்படியானது இந்தக் கொள்ளை? அவர்கள் தொழிலாளிகள் இல்லை, ஓய்வு நேரத்தில் ஊசி பிடிக்கும் குடும்பப் பெண்கள் என்ற ஒரே வாக்கியத்தால். வெளியே போய் வயலில் இறங்காததுதான் கௌரவம் என்று நம்பவைக்கப்பட்ட நடுத்தரச் சாதிப் பெண்களுக்கு அந்த வாக்கியம் இனிக்கவும் செய்தது. பெண்ணை 'இல்லத்தரசி' என்று வரையறுப்பது குடும்ப விஷயம் மட்டுமல்ல, உலகச் சந்தைக்கு மலிவாக உழைப்பு கிடைக்க வைக்கும் ஏற்பாடு என்று மீஸ் காட்டினார். எதிர்வீட்டு அக்காவின் 'சும்மாதான்' என்ற பதிலில் அந்த நூல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நமக்கும் லேஸ் வரலாறு உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிய அடிமைப் பெண்களைப் பற்றி மிஷன் குறிப்புகள் பேசுகின்றன. அவருடைய மகள் எலைசா, 1844இல் திருமணமாகி இடையன்குடிக்கு லேஸைக் கொண்டுபோனார். கணவர் ராபர்ட் கால்டுவெல். அவருடைய ஒப்பிலக்கணத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அதே வீட்டிலிருந்து புறப்பட்ட ஊசியும் நூலும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. நர்சாபூரில் சுரண்டலின் கருவியான அதே லேஸ், நாகர்கோவிலில் சில பெண்களுக்கு விடுதலைப் பத்திரமானது. ஆகவே குற்றம் ஊசியில் இல்லை. அதை என்னவென்று அழைக்கிறோம், பலனை யார் எடுத்துக்கொள்கிறார் என்பதில் இருக்கிறது.

இதற்கு அண்ணனூரைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரு பக்கம் ஆவடியில் 1961 முதல் ராணுவச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப். தொழிற்சாலை. அங்கே தையல் என்பது வேலை. ஷிப்ட் உண்டு, சங்கம் உண்டு. இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட்டின் ஏற்றுமதி கம்பெனிகள். அங்கே தையல் என்பது மணிக்கு இத்தனை பீஸ். நடுவில் எங்கள் தெரு. இங்கே அதே தையல் 'சும்மா'. அரசும் இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அந்தத் திட்டம் கைம்பெண்களையும், கணவரால் கைவிடப்பட்டவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், வறிய பெண்களையும் தேடி வருகிறது. அதனால் பிழைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணவன் இல்லாத இடத்தில் இயந்திரம் வந்து நிற்பதைக் கவனிக்காமலும் இருக்க முடியவில்லை.

இரண்டாவது 'சும்மா' பற்றிப் பேச என் தவறிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாவிடம் ஒரு மெரிட் மிஷின் இருந்தது. ரவிக்கையும் பாவாடையும் வீட்டுத் தேவைக்கு. ஆனால் எல்லோரும் தூங்கிய பிறகு, வளையத்தில் துணியை மாட்டிப் பூவேலை செய்வார். ஒரு தலையணை உறையில் இரண்டு கிளிகள். ஒரு கிளி முடியும் முன்பே பச்சை நூல் தீர்ந்துவிட்டதால் அதன் வால் வேறு பச்சை. எம்.பில். படித்துக்கொண்டிருந்த நான், புதிதாகக் கற்ற சொற்களின் திமிரில், "அடிமைத்தனத்துக்குப் பூ வேற போடுறியாம்மா?" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. அதன்பிறகு எதையும் என்னிடம் காட்டவுமில்லை. அவர் இறந்தபின் பீரோவில் மடித்து வைத்திருந்த பதினோரு உறைகளைக் கண்டேன். எதுவும் எந்தத் தலையணைக்கும் போடப்பட்டதில்லை.

ரோசிகா பார்க்கர் எழுதி 1984இல் வந்த 'கலகத் தையல்' நூலை நான் முன்பே படித்திருக்கலாம். பெண்களை அடக்கமாக உட்கார்த்திப் பழக்கியதும் பூத்தையல்தான், அந்த அடக்கத்துக்குள்ளேயே தமக்கென்று ஓர் இடத்தைப் பெண்கள் உண்டாக்கிக்கொண்டதும் அதே பூத்தையலால்தான் என்று அவர் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். மீஸின் அக்கறை கூலியும் சுரண்டலும். அது சரியான அக்கறை. ஆனால் அதை மட்டுமே கற்றுக்கொண்ட என்னைப் போன்றவர்களின் கண்ணில் அம்மாவின் கிளி படவில்லை. தைக்கும் பெண்ணை ஒன்று சுரண்டப்படுபவளாக, அல்லது 'சுயதொழில் முனைவோ'ராகப் பார்க்கப் பழகிவிட்டோம். யாருக்கும் பயன்படாத ஒன்றைத் தன் மகிழ்ச்சிக்காகச் செய்கிறவளைப் பார்க்க நம்மிடம் சொல் இல்லை.

இத்தனைக்கும் நூல் என்ற சொல்லே இழையையும் புத்தகத்தையும் சேர்த்துச் சொல்கிற மொழி நம்முடையது. நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கிறது. புலவனுக்கு உவமையாக அவள் வேண்டியிருந்தாள். உவமை முடிந்ததும் அவளை வாசலிலேயே விட்டுவிட்டு, நூலை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டோம்.

இங்கே எனக்கு நானே ஒரு தடை போட்டுக்கொள்கிறேன். என் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைப்பது மாதச் சம்பளத்தால், பாத்திரம் துலக்க வருகிற இன்னொரு பெண்ணால். நான் கட்டுகிற பட்டுச்சேலையின் குச்சு அக்காவின் கண்வலி. எனவே 'தையல் மனதுக்கு அமைதி' என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோக எனக்கு உரிமையில்லை. வேலையாக இருக்கும் இடத்தில் அதை வேலை என்று சொல்லி மணிக்கணக்கில் கூலி கேட்போம். இன்பமாக இருக்கும் இடத்தில் விலை கேட்காமல் விடுவோம். முதலாவது கிடைக்காதவளுக்கு இரண்டாவதும் கிடைப்பதில்லை. நாளெல்லாம் அரைக்கூலிக்கு முடிச்சுப் போட்ட கைக்குத் தனக்காக ஊசி எடுக்கத் தெம்பு ஏது?

ஒவ்வோர் ஆண்டும் மாணவியரிடம் வீட்டுப் பெண்கள் கையால் செய்த ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்கிறேன். ஒயர்க் கூடை, பனியன் துணிக் கால்மிதி, ஆரி வேலை செய்த ரவிக்கை, தொட்டில் துணி எல்லாம் வரும். மூன்று கட்டம் போட்டு நிரப்ப வேண்டும்: எத்தனை மணி நேரம் ஆனது? யார், என்ன கொடுத்தார்கள்? யாருக்காகச் செய்தார்? முதல் கட்டத்துக்கு வீட்டில் போய்க் கேட்டுவர வேண்டியிருக்கும், இதுவரை யாரும் எண்ணியதில்லை. இரண்டாவது பெரும்பாலும் காலி. மூன்றாவதில் அண்ணனுக்கு, மாமியாருக்கு, பேத்திக்கு, கடைக்கு என்று பெயர்கள் வரிசையாக நிற்கும்.

'தனக்காக' என்று இதுவரை இரண்டு பேர்தான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி வகுப்பு முடிந்து தயங்கி நின்று கேட்டாள்: "மேம், இது தப்பில்லையே?"