திரைச் சிறையதிகாரியும் சென்னைச் சிறையும்: நெருக்கடிநிலைக் காலத்தில் எம்.ஜி.ஆர்.

1977 ஜூன் சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்த தொகுதி அருப்புக்கோட்டை. வானம் பார்த்த பூமியான இவ்வட்டாரத்திலும் அடுத்துள்ள திருச்சுழிப் பகுதியிலும் அத்தேர்தலைப் பெருமையோடு நினைவுகூரும் முதியோர் இன்றும் உளர். அவர் நெருக்கடிநிலையை ஆதரித்தவர் என்பது அந்நினைவில் இடம்பெறுவது அரிது. ஆய்வுலகமும் இதில் பெரிதும் வேறுபடவில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992ஆம் ஆண்டு ஆங்கில நூல், திரைப்பிம்பம் எளியோரின் அரசியல் ஒப்புதலாக மாறிய விதத்தை நுட்பமாக விளக்கியது. ஆயினும் பிம்ப ஆய்வு மக்கள் ஏன் நம்பினர் என்றே வினவுகிறது. நம்பப்பட்டவர் அந்நம்பிக்கையை யாருக்குப் பயன்படுத்தினார் என்ற வினா பின்தள்ளப்படுகிறது.

'பல்லாண்டு வாழ்க' (1975), சாந்தாராமின் 1957ஆம் ஆண்டு இந்திப் படத்தின் தழுவல். கொலைக்குற்றவாளிகள் அறுவரைச் சிறைக்கு வெளியே அழைத்துச் சென்று, உழைப்பாலும் அன்பாலும் திருத்தும் சிறையதிகாரியாக எம்.ஜி.ஆர். இதில் நடித்தார். படம் வெளிவந்தபோது நெருக்கடிநிலை நடைமுறையில் இருந்தது. 31.01.1976 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. பிப்ரவரியில் சென்னை மத்தியச் சிறையில் மிசாக் கைதிகள் தாக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். இக்கொடுமைகளைப் பின்னர் விசாரித்தவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில், கம்பனில் தோய்ந்த அவரை நாம் இலக்கிய மேடைகளில் மட்டுமே நினைவுகூர்கிறோம்.

சிறைக் கொடுமைக்கு எம்.ஜி.ஆர். நேரடிப் பொறுப்பாளர் அல்லர்; அப்போது நடந்தது குடியரசுத் தலைவர் ஆட்சி. 'பல்லாண்டு வாழ்க' ஆட்சிப் பரப்புரைப் படமும் அன்று. எனவே பொறுப்பைப் படைப்பினுள் தேடுதல் வீண். படைப்பு ஈட்டித்தந்த நம்பகத்தை எவருக்கு ஈந்தார் என்பதிலேயே அது உள்ளது. தி.மு.க.வை எதிர்க்க அவருக்கு மைய அரசின் துணை தேவைப்பட்டது என்பர். இது அவர் செயலுக்குக் காரணம் கூறும், பொறுப்பை நீக்காது. கிஷோர்குமார் பாட மறுத்தார். 1976இல் அவர் பாடல்கள் வானொலியில் தடைபட்டன. சென்னை நாடக மேடையில் அறியப்பட்ட சிநேகலதா ரெட்டி, பெங்களூர்ச் சிறையில் உடல் நலிந்து, விடுதலையான சில நாள்களில் இறந்தார். எம்.ஜி.ஆரிடம் இத்தகைய ஈகத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மௌனமே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் சிட்டிபாபு இறந்த இரண்டு மாதங்களில், 1977 மார்ச் மக்களவைத் தேர்தலை அவர் இந்திரா காங்கிரசின் கூட்டாளியாகவே சந்தித்தார். அறியாமல் ஆதரித்தார் என்ற வாதம் இங்கு நிற்காது.

ஜூனில் அ.தி.மு.க. காங்கிரசை எதிர்த்துப் போட்டியிட்டது. ஆகவே அருப்புக்கோட்டையின் வாக்கை நெருக்கடிநிலைக்கான ஒப்புதலாகக் கொள்ள இயலாது. அவரது ஆதரவை மன்னித்த தீர்ப்பாகக் கொள்ளவும் சான்றில்லை. இவ்வட்டார வாய்மொழி வரலாற்றைத் தொகுப்போர், திரைக்கொட்டகை நினைவுகளோடு மிசாக் கால நினைவுகளையும் அதே முதியோரிடம் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும்.