அடக்கமும் ஒடுக்கமும்: ‘கிராடிவா’ பற்றிய பிராய்டின் திறனாய்வு

உளவியற் கலைச்சொல்லொன்று இலக்கியத் திறனாய்வினுட் புகும்போது தன் வரையறையை வாயிலிலேயே விட்டுவிட்டு வருவதுண்டு. ‘ஒடுக்கம்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்திருப்பது இதுவே. நாவலொன்றின் தலைவி தன் காதலை எவரிடமுங் கூறாது மௌனங் காத்தால் அது ஒடுக்கம் எனப்படுகின்றது. மகன் தந்தைக்கு அஞ்சித் தன் விருப்பத்தைக் கைவிட்டால் அதுவும் ஒடுக்கம். ஒருவன் துறவு பூண்டாலோ ஐயத்திற்கே இடமில்லை. இவ்வாறு எல்லாவற்றையுங் குறிக்கத் தொடங்கிய சொல் ஈற்றில் எதனையுங் குறிப்பதில்லை. அன்றியும், பாத்திரத்தின் நெஞ்சத்தை ஆராயவேண்டிய பொறுப்பிலிருந்து திறனாய்வாளனை அது எளிதாக விடுவித்தும் விடுகின்றது.

தான் விரும்புவது எது என்பதை ஒருவன் அறிந்திருந்து, அதனை வெளியிடாதோ நிறைவேற்றாதோ விடுவானாயின் அது அடக்குதல். தான் அவ்வாறு விரும்புகின்றான் என்பதையே அவன் அறியாதிருப்பதும், அறியாதிருப்பதற்காகத் தன் உள்ளம் இடையறாது உழைத்துக்கொண்டிருப்பதை அவன் உணராதிருப்பதுமே ஒடுக்கம். தமிழில் ‘அடக்கம்’ என்னும் சொல் இருபொருள் தருவது. திருக்குறள் ‘அடக்கமுடைமை’ எனத் தனி அதிகாரம் வகுத்துப் போற்றும் பண்பு ஒன்று. இறந்தாரை மண்ணுள் வைக்கும் செயல் மற்றொன்று. சிக்மண்ட் பிராய்ட் கூறும் ஒடுக்கத்திற்கு முதலாவது பொருளோடு உறவில்லை. இரண்டாவதோடு நெருங்கிய உறவுண்டு. ஆயின் இங்கு மண்ணுள் வைக்கப்படுவது இன்னும் இறந்துவிடவில்லை.

பிராய்ட் கையாண்ட ஜேர்மன் மூலச்சொல், ஓரிடத்தில் இருப்பதை அங்கிருந்து நெருக்கித் தள்ளிவிடுதலைக் குறிப்பது. 1893இல் புரோயருடன் இணைந்தெழுதிய கட்டுரையிலேயே இக்கருத்து இடம்பெற்றுவிட்டது. 1915இல் இதற்கெனத் தனிக் கட்டுரையொன்றை எழுதியபோது, ஒடுக்கம் ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடுவதன்று என்பதையும், தள்ளப்பட்டதனைத் தள்ளிய நிலையிலேயே வைத்திருப்பதற்கு உளச்சக்தி தொடர்ந்து செலவாகின்றது என்பதையும் அவர் வற்புறுத்தினார். 1926இல் அவரே தம் கருத்தை ஓரளவு திருத்தினார்: ஒடுக்கத்தின் விளைவாகப் பதகளிப்புத் தோன்றுகின்றது என்று முன்னர் கூறியவர், பதகளிப்பே ஒடுக்கத்தைத் தூண்டுகின்றது என்றார், ஒடுக்கம் பல தற்காப்புப் பொறிமுறைகளுள் ஒன்று என்னும் நிலைப்பாட்டிற்கும் வந்தார். ஏனைய பொறிமுறைகளை அவருடைய மகள் அன்னா பிராய்ட் 1936இல் விரித்துரைத்தார். பாடநூல்கள் இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திக் கூறும். பொறிமுறை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைக் காண விரும்புவோர், பிராய்ட் 1907இல் வெளியிட்ட இலக்கியத் திறனாய்வொன்றையே நாடவேண்டும்.

வில்ஹெல்ம் யென்சன் என்னும் ஜேர்மன் எழுத்தாளரின் ‘கிராடிவா’ என்ற குறுநாவல் 1903இல் நூலாயிற்று. பேரிலக்கியம் என்று அதனை எவரும் வாதிடார். பிராய்டின் கண்ணிற் பட்டிராவிடின் இன்று அது நினைக்கப்படுவதே அரிது. அதன் தலைவனாகிய நோர்பேட் ஹனோல்ட் ஓர் இளந் தொல்பொருளியலாளன். குடும்ப மரபே அவனை அத்துறைக்கு உரியவனாக்கியிருந்தது. பெண் என்பது அவனுக்குப் பளிங்கிலும் வெண்கலத்திலும் மட்டுமே உள்ளதொன்று. நடந்து செல்லும் இளம்பெண்ணொருத்தியின் புடைப்புச் சிற்பத்தை உரோமாபுரியிற் கண்ட அவன், அதன் சாந்து வார்ப்பொன்றை வாங்கித் தன் அறையில் மாட்டிவைக்கின்றான். ஒரு பாதம் நிலத்திற் படிந்திருக்க, மற்றையது விரல்நுனி மட்டுந் தரையைத் தொடுமாறு ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும் அந்த நடை அவனைக் கட்டிவிடுகின்றது. ‘நடந்து செல்பவள்’ என்னும் பொருளில் அவளுக்குக் கிராடிவா என்று பெயரிடுகின்றான். அவள் கிரேக்க வழியினள் என்று ஊகிக்கின்றான். ஆராய்ச்சியின் பெயரால் தெருவில் இறங்கிப் பெண்களின் பாதங்களை உற்றுநோக்கவுந் தொடங்குகின்றான். கி.பி. 79இல் பொம்பெயி நகரம் வெசூவியசின் சாம்பலுள் மூழ்கிய நாளில் அவளும் மூழ்குவதாக ஒருநாட் கனவு காண்கின்றான். அதன்பின் அவள் அங்கு வாழ்ந்து மடிந்தவள் என்பதில் அவனுக்கு ஐயமே எழுவதில்லை.

காரணம் அறியாமலே இத்தாலிக்குப் புறப்படும் அவன், பொம்பெயியின் இடிபாடுகளிடையே நண்பகல் வெயிலில் அவளைக் காண்கின்றான். கிரேக்கத்திற் பேசுகின்றான், இலத்தீனிற் பேசுகின்றான். தன்னோடு பேசவேண்டுமாயின் ஜேர்மன் மொழியிற் பேசுமாறு அவள் கூறுகின்றாள். அவள் வேறு யாருமல்லள்; அவனுடைய வீட்டுக்கு எதிர்ப்புறத்தில் வாழும், சிறுவயதில் அவனோடு விளையாடி மல்லுக்கட்டிய சோயி பேர்ட்காங். ‘சோயி’ என்பது உயிர்வாழ்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘பேர்ட்காங்’ என்னும் குடும்பப் பெயரோ ஒளிபொருந்திய நடையுடையவர் என்ற பொருளைத் தருவது. ஆகவே சிற்பத்திற்கு அவன் புனைந்த பெயர், தான் மறந்துவிட்ட பெயரின் மொழிபெயர்ப்பே. அவளுக்கு அவன் கற்பித்த கிரேக்க வழியும் அவளுடைய இயற்பெயரிலிருந்தே வந்தது.

பிராய்டின் வாசிப்பில் உயிரான பகுதி இதுதான். ஹனோல்ட் சோயியை மறந்திருந்தானாயின் ஆயிரஞ் சிற்பங்களுள் இந்த ஒன்று அவனைப் பற்றியிருக்கமாட்டாது. நினைத்திருந்தானாயின் தெருவைக் கடந்து அவளிடம் போயிருப்பான். மறதிக்கும் நினைவுக்கும் இடைப்பட்ட இந்நிலையையே ஒடுக்கம் என்னும் சொல் குறிக்கின்றது. ஒன்றை அணுகவியலாததாக்கி, அதேவேளை அழியாது பேணும் இந்நிலைக்குப் பொம்பெயியின் புதைவைவிடச் சிறந்த உவமையில்லை என்று பிராய்ட் கருதினார்.

இதனினும் நுட்பமானது மற்றோர் அவதானம். ஒடுக்கப்பட்டது மீளும்போது, அதனை ஒடுக்குவதற்கு எது கருவியாகப் பயன்பட்டதோ அதனையே வழியாகக் கொண்டு மீளும். பெண்ணிடமிருந்து தப்பி ஹனோல்ட் தொல்பொருளியலுட் புகுந்தான். தொல்பொருளே பெண்ணாகி அவன்முன் வந்தது. பெல்ஜிய ஓவியர் பெலிசியன் றொப்சின் செதுக்கோவியமொன்றைப் பிராய்ட் இதற்குச் சான்று காட்டுகின்றார்: சபலத்திற்கு அஞ்சிய துறவி சிலுவையிடம் ஓடுகின்றான், சிலுவையில் மீட்பரின் இடத்தில் ஆடையற்ற பெண்ணொருத்தி நிற்கின்றாள். பாலுணர்விலிருந்து தப்பக் கணிதத்தினுள் ஒளித்துக்கொண்ட இளைஞனொருவனைப் பற்றியும் அவர் எழுதுகின்றார். இரு பொருள்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து சந்திப்பதாக அமைந்த சாதாரணக் கணக்கொன்றைக் கண்டதும் அவன் தடுமாறிப்போனான். கல்வியும் புலமையும் அறிவைத் தேடும் வழிகளாக மட்டுமன்றி, ஒன்றை அறியாதிருப்பதற்குரிய வழிகளாகவும் அமையக்கூடும் என்னும் இக்கருத்து பல்கலைக்கழக வாசகருக்கு உவப்பானதன்று. ஹனோல்ட் மூடனல்லன், தன் துறையிற் சிறந்தவன். அவனுடைய மயக்கத்துக்கு வேண்டிய சான்றுகள் அனைத்தையும் திரட்டிக் கொடுத்தது அவனுடைய புலமையே.

பிராய்ட் இங்கு நின்றிருக்கலாம்; நிற்கவில்லை. ஆசிரியர் தம் கோட்பாட்டை அறிந்திருந்தாரா என யென்சனிடம் வினவப்பட்டது. அறியார் என்ற விடை சற்றுக் கடுமையாகவே வந்தது. பிராய்ட் இதனால் மகிழ்ந்தார். கோட்பாட்டை அறியாத கலைஞனும் அதே உண்மையைக் கண்டிருக்கிறான் என்பதால் கோட்பாடு உறுதிப்படுகின்றது என்பது அவருடைய வாதம். இவ்வாதம் தளர்வானது. ஹனோல்ட் நோயாளியல்லன், யென்சனின் எழுதுகோல் விதித்ததற்கு மேல் அவனுக்கு இறந்தகாலமும் இல்லை, நனவிலி மனமும் இல்லை. சோயியின் பெயரும் கிராடிவாவின் பெயரும் பொருந்துவது ஆசிரியர் அவ்வாறு பொருத்தியமையாலேயே. ஓர் உளப்பொறிமுறை எத்தகையது என்பதைப் புனைகதை வேறெதனையும்விடத் தெளிவாக விளக்கவல்லது. அப்பொறிமுறை உண்டு என்பதை நிறுவ அதனால் இயலாது. விளக்கத்தை நிரூபணமாகக் கொள்ளும் இம்மயக்கம் பிராய்டின் வழிவந்த திறனாய்வு முழுவதையும் பற்றிக்கொண்ட குறை எனலாம்.

பிராய்டுக்கு எதிரான தத்துவ மறுப்புகளுள் இரண்டு இங்கு கருதத்தக்கன. சோவியத் அறிஞர் வொலோஷினொவ் 1927இல், பிராய்ட் நனவிலி என்று கூறுவது உண்மையில் உத்தியோக அங்கீகாரம் பெறாத நனவே என்றும், உள்ளத்தில் நிகழ்வதாகக் காட்டப்படும் போராட்டம் சமூகத்தில் நிகழும் போராட்டத்தின் எதிரொலியே என்றும் வாதிட்டார். ஹனோல்டை அணுக இது உதவுகின்றது. தந்தையின் துறையை மகன் ஏற்கவேண்டும் எனப் பிறப்பிலேயே விதித்துவிடும் படித்த மத்தியதர வர்க்கக் குடும்பத்தை யென்சன் காட்டியிருக்கவும், பிராய்ட் அதனை விரைந்து கடந்துவிடுகின்றார். சார்த்தர் 1943இல் எழுப்பிய வினா வேறு. வாயிலில் நிற்கும் காவலன் எதனை உள்ளே விடக்கூடாதென்று அறிந்திருந்தாலன்றித் தடுக்கவியலாது. அறிந்திருந்தானாயின் அது அறியாமையாகாது, தன்னைத் தானே ஏமாற்றுதலே என்றார் அவர். தருக்க அளவில் இதற்கு நிறைவான விடை இன்றுவரை தரப்படவில்லை. ஆயினும் தெருவிற் பாதங்களை நோக்கியவாறு நிற்கும் ஹனோல்டைப் பொய்யன் என்று கூற வாசகரின் மனம் ஒருப்படுவதில்லை.

ஆனால் இச்சொல் மிகுந்த தீங்கு விளைத்தது தத்துவத்திலன்று, நீதிமன்றத்தில். ஒடுக்கப்பட்ட நினைவு பொம்பெயி போல முழுமையாகக் கிடக்கின்றது, தோண்டுவோர் அதனைப் பழுதின்றி எடுக்கலாம் என்னும் நம்பிக்கை 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவிற் பரவியது. இருபது ஆண்டுகளின்பின் மீண்டதாக மகள் கூறிய நினைவைக் கொண்டு, 1969இல் நடந்த சிறுமியொருத்தியின் கொலைக்காகக் கலிபோர்னியாவில் ஒருவர் 1990இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். அத்தீர்ப்பு 1995இல் நீக்கப்பட்டு, 1996இல் அவர் விடுதலையானார். அவர் குற்றவாளியாகக் காணப்பட்ட அதே ஆண்டில், அறுபதாண்டுக்கால ஆய்வுகளை மதிப்பிட்ட டேவிட் ஹோம்ஸ், ஒடுக்கத்திற்குக் கட்டுப்பாடான ஆய்வுகூடச் சான்று எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். வேண்டாத நினைவை விலக்கப் பழகுவதால் அது மங்குகின்றது எனப் பின்னர் 2001இல் மைக்கல் அன்டர்சன் குழுவினர் காட்டியதுண்டு. ஆயின் அவர்களுடைய ஆய்விற் பங்குபற்றியோர் அறிந்தே விலக்கினர்; அது அடக்குதல், ஒடுக்கமன்று. நினைவு பேழையிலிருந்து எடுக்கப்படுவதன்று, ஒவ்வொரு முறையும் மீளக் கட்டப்படுவது என்பதை பிரெடெரிக் பார்ட்லெட் 1932இலேயே எடுத்துக்காட்டியிருந்தார்.

பிராய்டின் உவமையைக் கைவிடவேண்டியதில்லை; பொம்பெயியை இன்னுஞ் சற்று உற்றுநோக்கினாற் போதும். அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள மனித உருவங்கள் மாண்டோரின் தசையல்ல. உடல்கள் அழிந்தபின் இறுகிய சாம்பலில் எஞ்சிய வெற்றிடங்களினுள், 1863இல் கியூசெப்பே பியோரெல்லி சாந்தை வார்க்கச் செய்து பெற்ற வடிவங்கள் அவை. வெற்றிடம் இறந்தவருடையது, சாந்து தோண்டியவருடையது. பொற்காப்பு இல்லம் எனப்படும் மாளிகையில், காப்பணிந்து மடியிற் குழந்தையோடு கிடந்த உருவத்தைத் தாயும் சேயும் என்றே நெடுங்காலங் கூறிவந்தனர். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, அவர் ஆண் என்றும் குழந்தைக்கு இரத்த உறவினர் அல்லர் என்றும் காட்டியது. ஹனோல்டின் மயக்கமும் இவ்வாறே உருப்பெற்றது. அதன் வெற்றிடம் சோயி விட்டுச்சென்றது. அதனுட் பாய்ந்த சாந்து அவன் கற்ற தொல்பொருளியல். வெற்றிடத்தையும் சாந்தையும் பிரித்தறியாது பாத்திரங்களின் நனவிலியைத் தோண்டும் திறனாய்வாளர், தாம் வார்த்ததையே தாம் கண்டுபிடித்ததாக எண்ணிவிடுகின்றனர்.

குறுநாவலின் இறுதிக் காட்சியைப் பிராய்ட் சில வரிகளிலேயே கூறிச்செல்கின்றார். மயக்கந் தீர்ந்து, திருமணமும் உறுதியாகிவிட்ட பின்னர், பண்டைய வீதியின் குறுக்கே இடப்பட்ட கற்களின்மீது தனக்கு முன்னே நடந்து செல்லுமாறு ஹனோல்ட் சோயியை வேண்டுகின்றான். அவள் புன்னகையோடு ஆடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கின்றாள். அவன் கண்டு களிப்பது அதே நடையைத்தான். நடப்பவளின் பெயர் மட்டும் இப்போது அவனுக்குத் தெரியும்.