பட்டியும் மஹல்லாவும்: சரவணம்பட்டியை முன்வைத்துச் சில குறிப்புகள்

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் கணபதியைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் சரவணம்பட்டி. கொங்கு வழக்கில் 'பட்டி' என்பது ஊரைக் குறிக்கும். இரவில் ஆடுகளைப் படல் வைத்து அடைக்கும் இடத்தையும் குறிக்கும். நம் மக்கள் நாவில் புழங்கும் 'மஹல்லா' என்ற சொல்லோ, அவிழ்த்தல், சுமையிறக்கித் தங்குதல் என்னும் பொருள்களையுடைய அரபு வேரிலிருந்து பிறந்தது. ஒன்று அடைக்கும் இடம். மற்றொன்று பயணி தன் மூட்டையை அவிழ்க்கும் இடம். சொற்பிறப்பைக் கொண்டு ஓர் ஊரின் வாழ்வை அளந்துவிட முடியாது என்பதை நாம் அறிவோம். எனினும் சரவணம்பட்டியின் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் இவ்விரு சொற்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

வீட்டுமனை விளம்பரங்கள் இப்பகுதியை இரண்டு அடைமொழிகளால் அழைக்கின்றன: 'கட்டுபடியாகும் விலை', 'குடும்பங்களுக்கு ஏற்ற சூழல்'. குடியிருப்போரும் தம் ஊரைப் பிறருக்குப் பரிந்துரைக்கையில் இதையே சொல்கின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் இவ்விரு தொடர்களும் எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதே நம் விசாரணை.

மானாவாரி நிலங்களும் கிளுவை வேலிகளும் சூழ்ந்திருந்த ஊர் இது. 1984இல் குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்தன. அருகிலுள்ள கீரணத்தத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் எழுந்தது. பேரூராட்சியாக இருந்த சரவணம்பட்டி 2011இல் அண்டைப் பேரூராட்சிகளான சின்னவேடம்பட்டி, காளப்பட்டி முதலியவற்றோடு மாநகராட்சியில் இணைந்தது. மாநகராட்சியின் வார்டுகள் 72இலிருந்து 100 ஆயின. ஒரு தலைமுறைக்குள் சோளக்காடு இரண்டரை செண்ட் 'சைட்'டுகளாக மாறிற்று. தென்மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த இளம் தம்பதியர், கணபதி வட்டாரத்து லேத்துப் பட்டறைகளில் பணிபுரிவோர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எனப் பலரும் இங்கு மூட்டையை அவிழ்த்தனர்.

முதலில் விலையைப் பார்ப்போம். 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வரி விதியின்படி, பெருநகரப் பட்டியலில் இல்லாத கோவை போன்ற ஊர்களில் 90 சதுர மீட்டர் வரை உட்பரப்பும் 45 இலட்சம் ரூபாய் வரை மதிப்பும் கொண்ட புதிய வீடு 'கட்டுபடியாகும் வீடு' எனக் கொள்ளப்பட்டது. 45 இலட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து கொடுத்து, மீதி 36 இலட்சத்தை எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 31,000 ரூபாய். மென்பொருள் நிறுவனத்தில் இருவரும் வேலை பார்க்கும் வீட்டுக்கு இது கட்டுபடியாகலாம். லேத்துப் பட்டறைத் தொழிலாளிக்கு மாத ஊதியமே தவணைக்குப் போய்விடும். யாருக்குக் கட்டுபடியாகும் என்ற கேள்வியை விதி கேட்பதில்லை. பரப்பையும் தொகையையும் மட்டும் அது அளக்கிறது.

தண்ணீரை அது அளப்பதில்லை. கோவைக்காரர் 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று பிரித்துப் பேசுவர். பழைய நகரின் பெருமிதமான சிறுவாணி நீர், நகரின் விளிம்பில் வீடு கட்டியவருக்கு எளிதில் கிட்டுவதில்லை. நல்ல தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருப்பது, ஆழ்குழாய்க் கிணறு வற்றினால் லாரி பிடிப்பது, குடிக்கக் கேன் வாங்குவது ஆகியவை எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறாத செலவுகள். இதோடு சத்தி சாலை நெரிசலில் நாள்தோறும் கழியும் பொழுதையும் சேர்த்தால், மலிவு என்பது பெரும்பாலும் தவணை முறையில் செலுத்தப்படும் விலையேற்றமே எனத் தோன்றுகிறது.

இரண்டாவது அடைமொழி இன்னும் நுட்பமானது. குடும்பச் சூழல் என்பதில் உண்மை உண்டு. அதை ஏளனம் செய்ய நாம் விரும்பவில்லை. மாலையில் பெண்கள் அச்சமின்றி நடக்கின்றனர். பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுகின்றனர். வேலைக்குச் செல்லும் தாய் தன் குழந்தையை எதிர்வீட்டுப் பாட்டியிடம் விட்டுச் செல்கிறாள். பொங்கலுக்கு ஒரு வீட்டுக் கிண்ணம் மறுவீட்டுக்குப் போகிறது. பெருநாளன்று அக்கிண்ணம் பிரியாணியுடன் திரும்புகிறது. பெருநகர அடுக்ககங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தும் அடுத்த கதவின் பெயரறியாதோர்க்கு இது பொறாமை தரக்கூடியது.

ஆனால் வாடகைப் பலகையைப் பாருங்கள். 'குடும்பத்திற்கு மட்டும்.' இந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் பட்டியின் படல் இருக்கிறது. தனியாக வேலை பார்க்கும் பெண், கணவனைப் பிரிந்தவள், வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி ஆகியோர் குடும்பத்தில் சேர்வதில்லை. அவர்களுக்கு விடுதி, தகரக் கொட்டகை. மனைவியும் இரு பிள்ளைகளும் உடைய நம் நண்பர் ஒருவர் இங்கு வீடு தேடினார். தரகர் நல்ல மனிதர். வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடிந்தது. பெயரைக் கேட்டபின், "ஓனர்கிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க" என்றார். மூன்று வீடுகளில் மூன்று முறை அதே வாக்கியம், அதே மரியாதையுடன். குடும்பம் என்பதன் இலக்கணத்தில் பெயரும் அடங்கும் என்பதை அவர் அப்போது அறிந்தார். 1997 நவம்பர், டிசம்பர் கலவரத்தையும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளையும் அனுபவித்த நகரம் இது. இரு தரப்பிலும் அச்சம் வீட்டுச் சாவிகளுக்குள் புகுந்துகொண்டது. கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் எனச் சில பகுதிகளில் முஸ்லிம்கள் நெருங்கி வாழ்வதை 'அவர்கள் சேர்ந்தே இருக்க விரும்புகின்றனர்' என்று மட்டும் விளக்குவோர் தரகரின் அந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை.

இத்தகைய வாழ்வை நம் புனைகதை எவ்வாறு கண்டது? கொங்கு நிலம் மனையாவதைத் தமிழ் நாவல் கூர்ந்து நோக்கிய முதன்மையான இடம் பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991). ஆசிரியரின் திருச்செங்கோட்டு வட்டாரப் பின்னணியில், குடியிருப்புக் காலனிக்காக நிலத்தை இழந்த வேளாண் குடும்பம் ஒன்று சிதைவதை வளரிளம் பையனின் கண்வழியே அது காட்டுகிறது. நிலம் பணமானதும் உறவுகளின் நிறம் மாறுவதை அத்துணை இரக்கமற்ற தெளிவுடன் சொன்ன வேறு நாவலை நாம் அறியோம். எனினும் அதன் பார்வை இழந்தவரின் பார்வை. காலனிக்குள் குடிவருவோர் அதற்கு அயலார். அவர்களும் எங்கோ எதையோ இழந்து வந்திருக்கலாம் என்பது நாவலின் கவலையாக இல்லை. இதை ஆசிரியரின் குறையாக நாம் சொல்லவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் காலனிக்குள் வளர்ந்தவர்கள்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னைத் தெருவொன்றின் கதை. 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. ஒண்டுக் குடித்தனத்தில் ஜமுனா, சாயா என்னும் சகோதரிகள்; திரைப்படக் கனவில் வாழ்வைத் தொலைத்துக்கொண்டிருக்கும் அக்காள், கணவன் உடனில்லாத தங்கை. வற்றிய குழாயும் குடமும் அத்தெருவாரைச் சண்டையிடவும் வைக்கின்றன, ஒருவரையொருவர் அறியவும் வைக்கின்றன. ஜமுனா உடைந்து நிற்கும் வேளையில் அவளைத் தாங்குபவள் உறவினள் அல்லள், அதே தெருவின் டீச்சரம்மா. நம் பலகையின் இலக்கணப்படி ஜமுனாவும் சாயாவும் குடும்பமாகார். இன்றைய சரவணம்பட்டியில் அவர்களுக்கு ஒரு விடுதிக் கட்டில் கிடைத்திருக்கும், டீச்சரம்மா கிடைத்திருக்கமாட்டாள்.

பிறரைச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்ப்பது முறை. அண்டை வீட்டாருக்கு இஸ்லாம் தந்த இடம் உயர்ந்தது. அதை மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. மேடையில் அதிகம் பேசப்படாதது 'ஷுஃப்ஆ' எனும் முன்கொள்முதல் உரிமை. ஒருவர் தம் சொத்தை அந்நியருக்கு விற்றால், அவ்விலையைக் கொடுத்து அதைத் தாமே பெற்றுக்கொள்ளும் உரிமை இது. ஷாஃபிஈ சட்டமரபு இதைக் கூட்டுப் பங்காளிக்கு மட்டும் அளித்தது. ஹனஃபீ சட்டமரபோ அடுத்த வீட்டுக்காரருக்கும் அளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1870இலேயே இவ்வுரிமையை இம்மாகாணத்தில் ஏற்க மறுத்தது. 1962இல் பாவ் ராம் வழக்கில் உச்சநீதிமன்றம், அண்டை நிலம் என்பதை மட்டுமே காரணமாகக் கொண்ட முன்கொள்முதல் உரிமை அரசியலமைப்புக்கு முரணானது என்றது; வேற்று மதத்தவரையும் சாதியினரையும் விலக்கி வைப்பதே அதன் உள்நோக்கமாக இருந்ததையும் சுட்டியது.

பங்காளிச் சச்சரவைத் தவிர்க்கவும் அண்டையாரைத் தொல்லையிலிருந்து காக்கவும் நம் அறிஞர்கள் வகுத்த விதி அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே விதி வேறொரு கையில் படலாகவும் பயன்படக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்கக்கூடாது. நம் பகுதிகளிலும் 'நம்மாளுங்களுக்கு மட்டும்' என்று வாய்மொழியாகச் சொல்லப்படும் வீடுகள் இல்லாமலில்லை. தரகரின் மரியாதை நமக்கு வலிப்பது போலவே, நம் மரியாதையும் யாருக்கேனும் வலித்திருக்கும்.

நிலமிழந்தோரின் கதை எழுதப்பட்டுவிட்டது. நிலத்தில் வந்து குடியேறியோரின் கதைக்கு, தவணையும் லாரித் தண்ணீரும் எதிர்வீட்டுப் பாட்டியும் 'கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க' என்ற வாக்கியமும் அடங்கிய கதைக்கு, சரவணம்பட்டி இன்னும் காத்திருக்கிறது. நம் நண்பர் இப்போது குனியமுத்தூரில் இருக்கிறார். பணியிடம் கீரணத்தம், நகரின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் போய்வருகிறார். மின்கம்பங்களில் தொங்கும் பலகைகளை அவர் இன்னும் வாசிப்பதுண்டு. வண்டியை மட்டும் நிறுத்துவதில்லை.