'பிரான்ஸ்' என்று ஒரு வரி

போட்டித் தேர்வு கைடுகளில் ஒரு அட்டவணை இருக்கும். நம் அரசமைப்பில் எது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று. அடிப்படை உரிமைகள் – அமெரிக்கா. வழிகாட்டு நெறிமுறைகள் – அயர்லாந்து. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் – பிரான்ஸ். குரூப் 2-க்குப் படிக்கிற அக்கா மகள் போன வாரம் இதைத்தான் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். மார்க் கிடைக்கும். ஆனால் அந்தக் கடைசி வரி அரைகுறை.

1789 பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துப் பாருங்கள். சுதந்திரம் இருக்கு, சமத்துவம் இருக்கு. சகோதரத்துவம் கிடையாது. மூன்றும் சேர்ந்த முழக்கம் அங்கேயே அதிகாரபூர்வமானது 1848-இல்தான்.

இங்கேயும் அதே கதைதான். 1946 டிசம்பர் 13 அன்று நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் நீதி, சுதந்திரம், சமத்துவம் மட்டும்தான். சகோதரத்துவத்தை முகப்புரையில் சேர்த்தது அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு. தீர்மானத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறோம் என்று 1948 பிப்ரவரியில் வரைவோடு அனுப்பிய கடிதத்திலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் தொழிலில் சொன்னால் இது காப்பி-பேஸ்ட் இல்லை. ஸ்பெக்கில் இல்லாததை யோசித்துச் சேர்த்து, ஏன் என்று கமெண்ட்டும் எழுதிவைத்த வேலை.

ஏன் என்பதை 1949 நவம்பர் 25 உரையில் இன்னும் பச்சையாகக் கேட்டார்: ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும்? லாக்கும் மான்டெஸ்கியூவும் அரசனின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த வழி தேடினார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் அதிகாரத்துக்கு அவர்களிடம் மருந்து இல்லை.

1954 வானொலி உரையில், இந்த மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்றார் அம்பேத்கர். இதையும் என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலிலேயே மூன்றும் இருக்கின்றன; அதில் கொலம்பியா ஆசிரியர் ஜான் டூயியின் சாயல் நன்றாகவே தெரியும். அந்த நூல் உடனே தமிழில் வந்தது பெரியாரின் 'குடிஅரசு'வில். அது பிறந்த ஈரோடு, பவானியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். இந்தத் தொடர்பு எந்த கைடிலும் இல்லை.

எங்கள் பக்கம் 'பங்காளி' என்று ஒரு சொல் உண்டு. ஒரே குலத்துக்காரன் என்று பொருள். சகோதரன்தான், ஆனால் வேலி போட்ட சகோதரன். இரட்டைக் குவளை பார்த்த ஊர்களில் அந்த வேலி எங்கே முடியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பேத்கர் கைவைத்தது அந்த இடத்தில்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா மகள், "அப்ப நான் எதை டிக் பண்றது மாமா?" என்றாள்.

பிரான்ஸ்னே போடு சாமி என்றேன்.